தண்ணீரில் ஈ.கோலை ஓ157: ஃபைபர் சென்சார் வைத்து ஒரே நாளில் பிடிப்பது எப்படி

ஆப்டிகல் பயோசென்சார், அதாவது ஒளியை வைத்துக் கிருமி போன்றவற்றைக் கண்டுபிடிக்கும் கருவி, பற்றி எதைத் திறந்தாலும் "சில நிமிடங்களில் பாக்டீரியா" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பொய் என்று சொல்ல முடியாது. முனைக்கு வந்து ஒட்டிக்கொண்ட பாக்டீரியாவைச் சென்சார் சில நிமிடங்களில் காட்டிவிடும்தான். அதை முனை வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். அது நம் வேலை, நேரமும் அங்கேதான் போகும். அதனால் சென்சாரைச் செய்வதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறேனோ, சாம்பிளைத் தயார் செய்வதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு கொடுத்திருக்கிறேன். கல்லூரி லேபில் புராஜெக்ட் செய்பவர்கள், ஃப்யூம் ஹூட், இன்குபேட்டர், சென்ட்ரிஃபியூஜ் இந்த மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருப்பவர்கள், இவர்களுக்காக எழுதியது. வீட்டு மாடியில் செய்து பார்க்கிற விஷயம் இல்லை.

நாம் தேடப்போவது ஈ.கோலை ஓ157:எச்7 என்ற பாக்டீரியா வகை. ஈ.கோலையில் பெரும்பாலானவை நம் குடலிலேயே சாதுவாக இருப்பவை, இது அப்படி இல்லை. 1982இல் அமெரிக்காவில் ஓரிகனிலும் மிச்சிகனிலும் ஹாம்பர்கர் சாப்பிட்டவர்களுக்கு ரத்தப்பேதி வந்தபோதுதான் இதை அடையாளம் கண்டார்கள். தண்ணீர் வழியாகவும் பரவும் என்பதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் கனடாவின் வாக்கர்ட்டன் ஊர்: 2000 மே மாதம் கனமழையில் மாட்டுச் சாணம் ஊர்க் கிணற்றுக்குள் இறங்கி, 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், 7 பேர் இறந்தார்கள். அந்தச் சம்பவத்தில் இன்னொன்றும் உண்டு. 15ஆம் தேதி எடுத்த சாம்பிளின் முடிவு 17ஆம் தேதியே தண்ணீர் வாரியத்தின் கைக்கு வந்துவிட்டது, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்ற அறிவிப்பு வந்ததோ 21ஆம் தேதி. சோதனைக்கு ஆனது இரண்டு நாள், தாள் மேஜையில் கிடந்தது நான்கு நாள். இதற்கு எந்தச் சென்சாரும் மருந்தில்லை, சொல்லி வைக்கிறேன்.

முதலில் கணக்கு

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 சொல்வது, 100 மி.லி. தண்ணீரில் ஈ.கோலை ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்று. நாம் செய்யப்போகும் மாதிரியான ஃபைபர் சென்சார் நன்றாக அமைந்தால் ஒரு மி.லி.க்கு ஆயிரம் முதல் பத்தாயிரம் செல் வரை இருந்தால்தான் நம்பிச் சொல்லும். ஒரு மி.லி.க்கு ஆயிரம் என்றால் 100 மி.லி.யில் ஒரு லட்சம். தேவை ஒன்று, நம்மால் பார்க்க முடிவது ஒரு லட்சம். இந்த இடைவெளியை எப்படி நிரப்பப் போகிறோம் என்று தெரியாமல் ஃபைபர் வாங்கக் கிளம்பாதீர்கள்.

சென்சாரை இன்னும் கூர்மையாக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஒரு மி.லி.க்கு ஒரு செல் உள்ள தண்ணீரிலிருந்து 50 மைக்ரோலிட்டர் எடுத்தால், அதில் சராசரியாக 0.05 செல் இருக்கும், அதாவது அப்படி நூறு துளி எடுத்தால் தொண்ணூற்றைந்தில் எதுவுமே இருக்காது. காலித் துளியை உலகத்திலேயே விலையுயர்ந்த கருவியில் வைத்தாலும் காலி என்றுதான் காட்டும். ஆகவே வடிகட்டுவது, வளர்ப்பது இரண்டும் தவிர்க்க முடியாதவை. கீழே வருகிறேன்.

ஒளி என்ன செய்கிறது

ஃபைபருக்குள் போகும் ஒளி சுவரில் பட்டுப் பட்டு முழு அகப் பிரதிபலிப்பில் முன்னேறும். ஆனால் ஒவ்வொரு முறை படும்போதும் ஒளியின் புலம் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும், ஒரு நூறு இருநூறு நானோமீட்டர் தூரம், அவ்வளவுதான். ஃபைபரின் மேலுறையை உரித்துவிட்டு, வெளியே ஒளியை உறிஞ்சும் ஏதாவது ஒட்டினால் மறுமுனைக்கு வரும் ஒளி குறையும். அந்தக் குறைவைத்தான் அளக்கிறோம். ஃபைபரை யு வடிவில் வளைத்தால் வளைவில் இந்த எட்டிப்பார்ப்பு கூடும், சென்சார் பல மடங்கு உணர்வு கூடியதாகிவிடும். ஐஐடி பம்பாயிலும் ஐஐடி மெட்ராஸிலும் இந்த யு வளைவு ஃபைபர்களில் நிறைய வேலை நடந்திருக்கிறது, ஆய்வுக் கட்டுரைகள் தேடினால் கிடைக்கும், படித்துவிட்டு இறங்குங்கள்.

இங்கே ஒரு சிக்கல். ஈ.கோலை சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளம், ஒரு மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தடிமன். ஒளி எட்டுவதோ அந்தத் தடிமனில் நான்கில் ஒரு பங்கு உயரத்துக்கு மேல் இல்லை. யானையின் பாதத்தை மட்டும் பார்த்து யானை வந்திருக்கிறது என்று சொல்லும் நிலைமை. புரதங்களை அபாரமாக அளக்கும் சர்ஃபேஸ் பிளாஸ்மோன் கருவிகள் (இதே எட்டிப்பார்க்கும் ஒளியை உலோகப் படலத்தில் பயன்படுத்துபவை) முழு பாக்டீரியா என்றதும் தடுமாறுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். இதைச் சமாளிக்கத்தான் தங்கம். ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட ஒன்றை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும் புரதம். அதை ஃபைபரில் ஒட்டினால் பாக்டீரியா அங்கே சிக்கும், தங்க நானோத்துகள்களிலும் ஏற்றி விட்டால் அவை சிக்கிய பாக்டீரியா மேல் போய் ஒட்டி, பச்சை ஒளியைப் பலமாக உறிஞ்சும். ஒரே செல்லில் ஏராளமான துகள்கள் ஏறும் என்பதால், ஒளி எட்டும் உயரத்துக்குள் இருப்பவை மட்டும் கணக்கில் வந்தாலும் சிக்னல் தேறிவிடும்.

ஃபைபரை வளைப்பது

0.5 மி.மீ. பிளாஸ்டிக் ஃபைபர், அதாவது அக்ரிலிக் உள்ளகம் கொண்டது, வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி ஃபைபரைவிட மலிவு, உடையாது, கையைக் குத்தாது. 20 செ.மீ. துண்டாக வெட்டி இரண்டு முனையையும் நுண்ணிய உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். பிறகு நடுவில் வளைத்து, இரண்டு கால்களையும் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் செருகி, வளைவு வெளியே தெரிகிற மாதிரி வைத்து, 70 டிகிரி அடுப்பில் பத்து நிமிடம் போல விட்டால் வடிவம் நிலைத்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவுக் குழாயையே பயன்படுத்துங்கள், வளைவின் அகலம் மாறினால் உணர்திறனும் மாறும்.

வளைத்துச் சூடாக்கிய பிறகுதான் மேலுறையை உரிக்க வேண்டும், வரிசையை மாற்றாதீர்கள். இறுக்கத்தில் இருக்கும் அக்ரிலிக் மேல் கரைப்பான் பட்டால் முடி முடியாக விரிசல் விடும், சூடு அந்த இறுக்கத்தைத் தணிக்கிறது. எத்தில் அசிடேட்டில் நனைத்த பஞ்சில்லாத டிஷ்யூவால் வளைவை மட்டும் மென்மையாகத் துடைத்து, உடனே தண்ணீரில் கழுவுங்கள். வெண்மையாக மங்கிப்போன ஃபைபரைத் தூக்கிப் போட்டுவிடலாம், அதைச் சீராக்க வழியில்லை.

ஒரு பக்கம் 525 நானோமீட்டர் பச்சை எல்இடி, மறுபக்கம் வரும் ஒளியை மின்னோட்டமாக மாற்றும் போட்டோடையோடு. எல்இடிக்கு நிலையான மின்னோட்டம் கொடுக்கும் சர்க்யூட் கட்டாயம், ரெசிஸ்டர் மட்டும் போட்டு யுஎஸ்பியில் சொருகினால் பக்கத்து மேஜையில் ஃப்ரிட்ஜ் ஓடுவதுகூட உங்கள் கிராஃபில் தெரியும். அந்த அளவைப் படிப்பதற்கு ஆர்டுயினோ யூனோ என்ற சிறு கணினிப் பலகையின் உள்ளிருக்கும் 10 பிட் மாற்றி போதாது. 0.001 அப்சார்பன்ஸ் (ஒளி எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பதன் லாக் அளவு) மாற்றம் என்பது ஒளியில் 0.23 சதவீதக் குறைவு, 1,024 படிகளில் அது இரண்டே படி. தனியாக ஒரு 16 பிட் மாற்றி சேர்த்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. எல்இடி சூடாக ஆக வெளிச்சம் நகரும், அதனால் அரைமணி நேரம் எரியவிட்டுப் பிறகுதான் அளவு. எல்லாவற்றையும் ஒரு கருப்புப் பெட்டிக்குள் வையுங்கள். ஃபைபரின் கால்களை டேப் போட்டு அசையாமல் ஒட்டுங்கள், கால் அசைந்தால் வரும் மாற்றம் பாக்டீரியா தரும் மாற்றத்தைவிடப் பெரிது.

உயிரியலைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. தண்ணீர், 10 சதவீதம், 20 சதவீதம் என்று சர்க்கரைக் கரைசல் தயாரித்து ஒவ்வொன்றிலும் வளைவை முக்கிப் பாருங்கள். ஒளிவிலகல் எண் 1.333இலிருந்து 1.364 வரை ஏறும், அதோடு ஒளி படிப்படியாகக் குறைய வேண்டும். எல்லா ஃபைபரும் கிட்டத்தட்ட ஒரே சரிவைக் காட்டினால் சரி, விலகி நிற்பவற்றை அப்போதே ஒதுக்குங்கள். ஆன்டிபாடி விலையைப் பார்த்தால் இந்தச் சர்க்கரைக் கணக்கு எவ்வளவு மிச்சம் என்று தெரியும்.

ஆன்டிபாடியை ஒட்டுவது

முதல் தடவை செய்பவர்கள் ஆன்டிபாடிக் கரைசலில் ஃபைபரை ஓர் இரவு ஊற வைத்தாலே கொஞ்சம் ஒட்டும், அதை வைத்துப் பழகலாம். கழுவக் கழுவ அது உதிரும் என்பதால் நிஜ வேலைக்கு ரசாயனப் பிணைப்பு வேண்டும். அக்ரிலிக் மேற்பரப்பில் அமீன், அதாவது பிணைப்புக்குக் கைகொடுக்கும் நைட்ரஜன் தொகுதி, கிடையாது. ஹெக்ஸாமெத்திலீன் டையமீனை பிஎச் 11.5 போரேட் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) கலந்து ஃபைபரை ஊறவைத்தால் அமீன் ஏறும், அதன் மேல் குளுட்டரால்டிஹைடு, அதன் மேல் ஆன்டிபாடி. டையமீன், குளுட்டரால்டிஹைடு இரண்டும் கையையும் மூச்சையும் பதம் பார்ப்பவை, ஃப்யூம் ஹூட்டுக்குள் கையுறையோடு செய்யுங்கள். கடைசியில் 1 சதவீத பிஎஸ்ஏவில் (மாட்டு ரத்தப் புரதம்) ஒரு மணி நேரம், மிச்சமிருக்கும் வெற்றிடங்களை அடைக்க. இதைத்தான் பிளாக்கிங் என்பார்கள்.

இந்தக் கட்டத்தில் நிறையப் பேர் சறுக்கும் இடம் பஃபர். டிரிஸ், கிளைசின் இரண்டிலுமே அமீன் இருக்கிறது, அவை ஆன்டிபாடிக்கு முன்னால் போய் குளுட்டரால்டிஹைடோடு ஒட்டிக்கொள்ளும். பாஸ்பேட் பஃபரே பாதுகாப்பு. ஆன்டிபாடி குப்பியின் தாளையும் பாருங்கள், கெடாமல் இருக்க ஜெலட்டினோ பிஎஸ்ஏவோ கலந்திருப்பார்கள், அப்படியே பயன்படுத்தினால் ஃபைபர் முழுக்க ஜெலட்டின்தான் உட்கார்ந்திருக்கும். எதுவும் கலக்காததைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், வாங்குவது ஓ157இன் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓ சங்கிலி என்ற சர்க்கரைச் சங்கிலியைப் பிடிக்கும் ஆன்டிபாடிதானா என்று உறுதி செய்யுங்கள். "ஈ.கோலை ஆன்டிபாடி" என்று பொதுவாக விற்கப்படுபவை பல உறவுக்கார பாக்டீரியாக்களையும் பிடிக்கும்.

தங்கம்

40 நானோமீட்டர் தங்கக் கூழ்மத்தை விலைக்கு வாங்கலாம், அல்லது குளோரோஆரிக் அமிலக் கரைசலைக் கொதிக்கவைத்து சோடியம் சிட்ரேட் விட்டுச் செய்யலாம், 1951இலிருந்து இருக்கும் டர்க்கெவிச் முறைதான். முதலில் நிறமே இல்லாமல், பிறகு கருநீலமாக, பிறகு ஒயின் சிவப்பாக மாறும். சிவப்பு தெளிவாக வராமல் ஊதாவிலேயே நின்றால் அநேகமாகப் பாத்திரம் அழுக்கு.

இதில் ஆன்டிபாடி ஏற்றும்போது எவ்வளவு போடுவது என்பதற்குப் பழைய உப்புச் சோதனையை மிஞ்ச எதுவும் இல்லை. பொட்டாசியம் கார்பனேட் விட்டுக் கூழ்மத்தை பிஎச் 8.5 அல்லது 9க்குக் கொண்டுவாருங்கள். சிறு குழாய்களில் கூழ்மத்தைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆன்டிபாடியைக் கூட்டிக்கொண்டே போய், பத்து நிமிடம் கழித்து எல்லாவற்றிலும் 10 சதவீத உப்புக் கரைசல் விடுங்கள். ஆன்டிபாடி போதாத குழாய் கண்முன்னே சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால். சிவப்பாகவே நின்ற முதல் குழாயின் அளவை எடுத்து, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து, மொத்தமாகச் செய்யுங்கள். பிறகு பிஎஸ்ஏ, சென்ட்ரிஃபியூஜ், 4 டிகிரியில் சேமிப்பு. ஃப்ரீசரில் வைத்தால் அவ்வளவுதான், போச்சு.

சாம்பிள்: நேரம் போகும் இடம்

குளோரின் போட்ட தண்ணீராக இருந்தால், எடுக்கும் பாட்டிலிலேயே சோடியம் தயோசல்பேட் இருக்கட்டும், இல்லாவிட்டால் லேபுக்கு வரும் வழியிலேயே குளோரின் தன் வேலையைத் தொடரும். 100 மி.லி.யை 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் இழுத்து, அந்தத் தாளை 10 மி.லி. டிரிப்டிக் சோய் குழம்பில் (பாக்டீரியா வளர்க்கும் சத்துக் கரைசல்) போட்டு 37 டிகிரியில் ஆறு மணி நேரம் வையுங்கள்.

ஏன் ஆறு? நல்ல குழம்பில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். முதல் ஒரு மணி நேரம் சோம்பல் முறிக்கப் போய்விடும் என்று வைத்தால், மீதி ஐந்து மணியில் 15 முறை, ஒரு செல் 32,768 ஆகும். 10 மி.லி.யில் அது மி.லி.க்கு மூவாயிரத்துச் சொச்சம். அதைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி 1 மி.லி. பாஸ்பேட் பஃபரில் திரும்பக் கலக்கினால் முப்பதாயிரத்தை நெருங்கும், சென்சாரின் எல்லைக்குள் வசதியாக வந்துவிட்டோம். இது ஏட்டுக் கணக்கு. குளோரினில் அடிபட்ட செல்கள் தேற அதிக நேரம் எடுக்கும், கூட இருக்கும் வேறு பாக்டீரியாக்களும் அதே குழம்பைத் தின்னும், அதனால் நிஜத் தண்ணீரில் எட்டு மணி நேரம் கொடுப்பது என் வழக்கம். காலையில் சாம்பிள் வந்தால் மாலையில் பதில். வளர்ப்புத் தட்டை நம்பினால் மறுநாளோ அதற்கும் மறுநாளோ.

வளர்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு, என்னைக் கேட்டால் அதுதான் பெரிய லாபம். ஆன்டிபாடிக்கு உயிருள்ளது, செத்தது என்ற பேதம் தெரியாது. குளோரினில் செத்த ஓ157 மிதந்தாலும் சிக்னல் வரும். வடிகட்டிய உடனே ஒரு பகுதியையும், வளர்த்த பிறகு ஒரு பகுதியையும் அளந்தால், கூடிய அளவு மட்டுமே உயிருள்ளவற்றின் கணக்கு. முன்னும் பின்னும் ஒரே அளவில் இருந்தால் அவை வளரவில்லை என்று அர்த்தம்.

பால், இறைச்சிக் கழுவல் போன்றவற்றை முதலில் தொடாதீர்கள். கொழுப்பும் கேசீனும் ஃபைபரில் படிந்து எல்லாவற்றையும் குழப்பும். காந்த மணிகளில் ஆன்டிபாடி ஏற்றிப் பிரித்தெடுக்கும் முறை கைவந்த பிறகு போகலாம்.

ஓட்டம்

ஃபைபரைப் பாஸ்பேட் பஃபரில் முக்கி, கிராஃபில் சிக்னல் கோடு தட்டையாகும் வரை காத்திருங்கள். பிறகு சாம்பிளில் 20 நிமிடம், கலக்கிக்கொண்டே. இந்தக் கலக்குதலை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் நீந்தாத ஒரு பாக்டீரியா தண்ணீரில் தானாகப் பரவி ஒரு மில்லிமீட்டர் கடக்கச் சராசரியாக இரண்டு வாரம் ஆகும். ஃபைபருக்கு எட்டாமல் குழாயின் ஓரத்தில் இருப்பவை ஓரத்திலேயே இருக்கும். சின்ன காந்தக் கலக்கி போதும், பெரிஸ்டால்டிக் பம்ப் இருந்தால் இன்னும் நல்லது. அடுத்து 0.05 சதவீத ட்வீன் 20 (மென்மையான சோப்பு மாதிரி) கலந்த பஃபரில் கழுவல், தங்கத்தில் 15 நிமிடம், மறுபடி கழுவல், அளவு. தங்கத்துக்கு முன்னும் பின்னும் கிடைத்த ஒளியின் விகிதத்துக்கு லாக் எடுத்தால் அப்சார்பன்ஸ் வந்துவிடும். மொத்தம் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். ஃபைபரை மறுபடி பயன்படுத்த அமிலத்தில் கழுவிப் பார்ப்பவர்கள் உண்டு. இவ்வளவு மலிவான ஃபைபருக்கு அந்தக் கஷ்டம் தேவையில்லை, ஒருமுறை போதும்.

பழகும்போது உயிருள்ள ஓ157ஐத் தொட வேண்டாம், நூறுக்கும் குறைவான செல்களே ஒருவரைப் படுக்க வைக்கும். சூடாக்கிக் கொன்ற ஓ157 செல்கள் விலைக்குக் கிடைக்கின்றன, அவற்றை எண்ணிக்கை தெரிந்த அளவுகளில் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, எத்தனை செல்லுக்கு எவ்வளவு சிக்னல் என்று கிராஃபில் கோடு போடுங்கள். வளர்ப்புக் கட்டத்தை மட்டும் தனியாக, தீங்கில்லாத கே-12 வகையை வைத்துப் பழகுங்கள். ஓடி 600, அதாவது 600 நானோமீட்டர் ஒளியில் அளக்கும் கலங்கல், 1.0 என்றால் மி.லி.க்கு சுமார் 80 கோடி செல் என்பது பொதுக் கணக்கு, ஆனால் அதே நாளில் தட்டிலும் தடவி எண்ணிப் பாருங்கள். கே-12க்கு ஓ சங்கிலியே கிடையாது, ஆகவே உங்கள் சென்சாருக்கு அதுவே நல்ல எதிர்ச்சான்று: மி.லி.க்குப் பத்து லட்சம் கே-12 கொடுத்தும் கோடு அசையாமல் இருந்தால் ஆன்டிபாடி சரி. வெறும் பஃபர் ஒன்று, ஆன்டிபாடி ஒட்டாத ஃபைபர் ஒன்று, இவற்றையும் ஒவ்வொரு முறையும் ஓட்டுங்கள். இரண்டாவதில் சிக்னல் வந்தால் தங்கம் சும்மா ஒட்டுகிறது, பிளாக்கிங் போதவில்லை.

எந்த அளவுக்கு மேல் "இருக்கிறது" என்று சொல்வது? வெறும் பஃபர் ஃபைபர்கள் பலவற்றின் சராசரி, அதோடு அவற்றின் திட்டவிலக்கத்தின் மூன்று மடங்கு, அதுதான் எல்லைக்கோடு. ஒவ்வொரு அளவுக்கும் குறைந்தது மூன்று ஃபைபர். ஒரே ஃபைபரில் மூன்று தடவை அளந்து மூன்று என்று எழுதுபவர்களை வைவாவில் பிடித்துவிடுவார்கள்.

பாசிட்டிவ் வந்தால் அதே குழம்பிலிருந்து ஒரு வளையம் எடுத்துச் சார்பிட்டால் மெக்கான்கி வளர்ப்புத் தட்டில் கோடு இழுங்கள். ஓ157:எச்7 சார்பிட்டாலை அவ்வளவு சீக்கிரம் புளிக்கவைக்காது, மறுநாள் நிறமில்லாத காலனிகள் தெரியும், மற்ற ஈ.கோலை பெரும்பாலும் இளஞ்சிவப்பாக இருக்கும். நிறமில்லாத காலனி வந்தால் அங்கேயே நிறுத்தி, உங்கள் துறையின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லி, இரண்டாம் நிலைப் பாதுகாப்பு லேபுக்கு அனுப்புங்கள். தண்ணீர் யாருடையதோ அவர்களுக்குத் தட்டு வரும் வரை காத்திருக்காமல், "சென்சாரில் சந்தேகம், உறுதி செய்யவில்லை, காய்ச்சிக் குடியுங்கள்" என்று அன்று மாலையே சொல்லிவிடுங்கள்.

பயன்படுத்திய குழம்பு, வடிதாள், ஃபைபர், பிப்பெட் முனைகள் எல்லாம் ஆட்டோகிளேவில் 121 டிகிரி. குளுட்டரால்டிஹைடும் டையமீனும் தனித்தனிக் கழிவு பாட்டில்களில், ப்ளீச் பக்கமே கொண்டுபோகாதீர்கள். தங்கக் கழிவையும் ஒரு பாட்டிலில் சேர்த்து வையுங்கள், சிங்க்கில் ஊற்றாதீர்கள்.